பச்சை ஒயர்

கோவிந்தராஜ் வீட்டில் துணி துவைக்கிற மெஷின் இருக்கிறது என்பது அந்தத் தீவில் அபர்தீன் பஜார் முழுக்கத் தெரிந்த சங்கதி. எழுபத்து மூன்றாம் வருஷம், ஓடாமல் நின்றுபோன ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலின் சாமான்களைத் துறைமுகத்தில் ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் பித்தளைக் குழாயும் கப்பல் கயிறும் எடுத்துக்கொண்டு போனார்கள். கோவிந்தராஜ் மட்டும் வெள்ளை எனாமல் பூசிய இந்த உருளைத் தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு டெலானிப்பூருக்கு வந்தான். தொட்டிக்குள் துணியைப் புரட்டிப்போட நாலு இறக்கை வைத்த ஒரு தண்டு. மேலே ஈரத்தைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். அதில் இருந்த மோட்டார் கப்பல் கரண்டுக்கானது, வீட்டு லைனுக்கு ஒத்துவராது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் கையால் காயில் சுற்றிய வேறொரு மோட்டாரை அதன் வயிற்றில் பொருத்தினான். அது ஓடிய அன்று தெருவே வந்து நின்று பார்த்தது. வங்காளிக்காரம்மா ஒருத்தி குலவை இட்டாள்.

கோவிந்தராஜ் ஒயரிங் மேஸ்திரி. வீட்டுக்கு லைன் இழுப்பது, பம்பு மாட்டுவது, மோட்டார் சுற்றுவது என்று வண்டூர் வரைக்கும் அவனுக்கு வேலை இருந்தது. மெஷின் வந்த பிறகு அவன் மனைவி மங்கையர்க்கரசிக்கும் ஒரு வேலை அமைந்தது. கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் தங்குவதற்காக நஜிமுதீன் என்ற பழக்கக்காரர் பஜாரில் ஒரு லாட்ஜ் நடத்தி வந்தார். அதன் படுக்கை விரிப்புகள் வாரம் இரண்டு தடவை மூட்டையாக இவள் வீட்டுக்கு வரும், வெளுத்து மடித்துத் திரும்பிப் போகும்.

எழுபத்தாறு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, விரிப்புகள் உள்ளே கிடக்கும்போதே மெஷின் நின்றது. சுற்றாமல் முனகியது. கருகல் வாசனை வந்தது. மங்கை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நனைந்த விரிப்புகளை வெளியே எடுத்துக் கல்லில் துவைத்தாள். சாயங்காலம் கோவிந்தராஜ் வந்தபோது, "நின்னு போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் நஜிமுதீன் குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்னறையில் கொடி கட்டி விரிப்புகள் தொங்குவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"கராப் ஆயிருச்சா? அண்ணே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அத இத்தோட விட்டுருங்க. வர்ற கப்பல்ல நான் மெட்ராஸ் போறேன். பர்மா பஜார்ல நயா மெஷின் எறங்கியிருக்காம், மச்சான் எழுதியிருக்காரு. பாத்து ஏத்திவிட்டுர்றேன்."

"நயா மெஷினா?" கோவிந்தராஜ் சிரித்தான். "பாய், அந்த மோட்டார் நான் சுத்துனது. காயில் போயிருந்தா மறுபடி சுத்துவேன். ஒரு நாள் வேல. மேஸ்திரி வீட்ல மெஷின் நின்னுச்சுன்னு புதுசு வாங்குனா, நாளைக்கு எவன் எங்கிட்ட மோட்டாரக் குடுப்பான்?"

"அதுவும் சரிதான். தங்கச்சி என்ன சொல்லுது?"

மங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். "அதத் தூக்கிப் போட்டுருங்க" என்றாள்.

"பாத்தீங்களா? தங்கச்சிக்கும் புதுசுதான் வேணுமாம்."

"புதுசும் வேணாம்ணே. நான் கல்லுலயே தொவச்சுக்கிறேன். விரிப்பு சொன்ன நாள்ல வந்துரும்."

கோவிந்தராஜுக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதைத் தூக்கிப் போடு என்று வெளியாள் முன்னால் சொல்கிறாள்.

"அவளுக்கு அது மேல ஆரம்பத்துலருந்தே பயம், பாய். கடிக்குதுன்னு சொல்லுவா. ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நீங்க அது மேல கைய வச்சுக்கிட்டு நின்னீங்களே" என்று நஜிமுதீனும் சிரித்தார். மங்கை காலி டம்ளருக்காகக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

நஜிமுதீன் போனதும் கோவிந்தராஜ் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். அடுக்களைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சின்ன அறை அது. மழைச் சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லுங்கியும் வெறுங்காலுமாக இருந்தான். மெஷினுக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது, வழியை அடைத்துக்கொண்டு. காலால் அதைத் தள்ளிவிட்டான். முனகல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்பதற்காகப் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான். வழக்கமாகச் செய்வதுதான். காதை அருகில் கொண்டுபோய், தொட்டியைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!"

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு குரலை அவன் அவளிடம் கேட்டதில்லை. திரும்புவதற்குள் முழங்கைக்குக் கீழே சுளீரென்று அடி விழுந்தது. மங்கை மூங்கில் கழியோடு நின்றிருந்தாள். அதே கழியின் நுனியால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"வெறுங்காலோட நிக்கிறீங்க. ஈரத்துல நிக்கிறீங்க. டெஸ்ட் லேம்ப் வச்சிருக்கீங்கல்ல. ஊர்ல எல்லாருக்கும் வச்சுப் பாக்குறீங்கல்ல. ஒரே ஒரு தடவ இதுக்கு வச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் சிரிங்க."

கையைத் தடவிக்கொண்டே டெஸ்ட் லேம்பை எடுத்தான். ஹோல்டரில் ஒரு நாற்பது வாட் பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். அவ்வளவுதான் அந்தச் சாதனம். அவளுடைய பயத்தை இன்றோடு தீர்த்துவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தான். ஒரு ஒயரின் முனையைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினான். இன்னொரு முனையைத் தொட்டியின் விளிம்பில், எனாமல் உதிர்ந்து இரும்பு தெரிந்த இடத்தில், குறடால் பிடித்து வைத்தான். "போடு" என்றான். மங்கை கழியால் சுவிட்சைத் தட்டினாள்.

பல்பு எரிந்தது.

மினுக்கு மினுக்கென்று அல்ல. கூடத்தில் மாட்டியிருக்கிற விளக்கு எரிவதுபோல, முழு வெளிச்சத்தோடு எரிந்தது.

தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தான். அணைக்கச் சொல்லி, முனையைச் சுரண்டி, வேறு இடத்தில் வைத்தான். எரிந்தது. பிழிகிற உருளையின் கைப்பிடியில் வைத்தான். எரிந்தது. அவள் தினமும் பிடித்துச் சுற்றுகிற கைப்பிடி அது. மெஷினின் எந்த மூலையைத் தொட்டாலும் அந்தப் பல்பு அவன் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை முன்னால் இழுத்தான். பின்பக்கம், சுவரோரமாக, பச்சை ஒயர் ஒன்று வளையமாகச் சுற்றி, வெள்ளை நூலால் கட்டிக் கிடந்தது. அந்த முடிச்சு அவன் போட்ட முடிச்சு. மெஷினின் உடம்பில் கரண்ட் ஏறிவிட்டால் அதை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போவதற்கென்றே உள்ளது பச்சை ஒயர். ஒரு முனையை மெஷினில் முறுக்கியிருந்தான். மறுமுனை வெளியே குழி தோண்டிப் புதைக்கவேண்டியது. அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. வாசலில் தெருவே காத்து நின்றது. வெளியே மழை. ஓட்டிக் காட்டிவிடுவோம், குழியை நாளைக்குத் தோண்டிக்கொள்ளலாம் என்று ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்தான். மூன்று வருஷம் ஆயிற்று.

பின்தகட்டைக் கழற்றினான். மோட்டாருக்குப் போகிற ஒயர் தகரத்தின் கூர் விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. மெஷின் அதிர்கிறபோது மட்டும் பட்டு விலகிக்கொண்டிருந்தது, இப்போது வெந்து தகரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. சற்று முன்னால் கையை வைத்திருந்தால் அவன் எடுக்க முடியாமல் அதைப் பிடித்தபடியே நின்றிருப்பான்.

கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அந்த அறையைப் பார்த்தான். காலால் தள்ளிய பலகையின் அடியில் லாரி டயரை அறுத்த துண்டுகள் ஆணியடித்திருந்தன. கதவருகே தடித்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. கதவின் உச்சியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள். மெஷின் ஓடும்போது அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக் கண் வைத்துவிடுவார்களாம் என்று நண்பர்களிடம் அவன் சொல்லிச் சிரித்திருக்கிறான். பலகையைப் பார்த்து, அறையைக் குப்பையாக்குகிறாள் என்று திட்டியிருக்கிறான்.

"எப்பருந்து?" என்றான்.

"மொத மழையிலருந்து."

"ஏன் என்கிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"சொன்னேன். விரல்ல சுர்ருனு இழுக்குதுன்னு சொன்னேன். ஈரக்கை, அப்படித்தான் இருக்கும்னீங்க. தோள்பட்ட வரைக்கும் ஏறுதுன்னு சொன்னேன், நரம்புத் தளர்ச்சி, முருங்கக்கீர சாப்புடுன்னீங்க. போன வருஷம் பாய் முன்னால சொன்னேன். நீங்க வேலைக்குப் போட்டுப் போன பூட்ஸக்கூடக் கழட்டல. இந்தா பாருன்னு ரெண்டு கையையும் மெஷின் மேல வச்சுக்கிட்டு நின்னீங்க. பாய் சிரிச்சாரு. நீங்களும் சிரிச்சீங்க."

பூட்ஸ். அடியில் அரை அங்குல ரப்பர் வைத்தது. கம்பத்தில் ஏறுகிறவனின் பூட்ஸ். ஊரில் எவனாவது அப்படிச் சோதித்துக் காட்டியிருந்தால் கோவிந்தராஜ் அவனைச் செருப்பால் அடித்திருப்பான்.

"அதுக்கப்புறம் நான் சொல்றத விட்டுட்டேன்" என்றாள் மங்கை. "ஓட்டுறதயும் நிறுத்த முடியாது. ஏன்னு கேப்பீங்க. சொன்னா மறுபடி சிரிப்பீங்க."

வெளியே மழை வலுத்தது. கோவிந்தராஜுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அது வந்த வேகத்தில் எழுந்தே நின்றுவிட்டான்.

"மங்கை. பொன்னம்மா?"

அவள் சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பொன்னம்மா ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மங்கைக்கு ஒத்தாசையாக வேலைக்கு வந்தவள். புரோத்ராபூர்க்காரி. புருஷன் குழந்தைவேலு மரமில்லில் வேலை பார்த்தான். கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வருவாள். நாலாம் நாளே இந்த அறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. அதோடு நின்றுவிட்டாள். வேலை செய்ய உடம்பு வணங்காதவள், விழுந்து சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்று கோவிந்தராஜ் பஜாரில் பல பேரிடம் சொல்லியிருந்தான்.

"நான் நம்ம பெரியவளுக்குச் சோறு போடப் போயிருந்தேன்" என்றாள் மங்கை. "சத்தம் கேட்டு ஓடியாந்தேன். தரையில கெடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டிருந்தா. பல்லு கிட்டிப் போச்சு. எனக்கு அப்பவே தெரியும். ஆனா ஆளுக கூடிட்டாங்க. வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன். ஊருக்கே ஒயர் இழுக்கிறவர் வீட்டு மெஷின் ஆளத் தூக்கிப் போடுதுன்னு தெரிஞ்சா, உங்கள யாருங்க வேலைக்குக் கூப்புடுவா? ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னைக்குத்தான் டயர் வாங்கிப் பலகையில அடிச்சேன்."

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் மத்தியான பஸ்ஸில் புரோத்ராபூர் போனார்கள். என்ன சொல்வது என்று கோவிந்தராஜ் வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.

பாக்குத் தோட்டத்தை ஒட்டித் தகர வீடு. குழந்தைவேலு வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரியைப் பார்த்ததும் எழுந்து, "ஆயியே, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்தான். பொன்னம்மா உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. இடது கையில், வளையல் போடுகிற இடத்தில், கயிற்றில் கோத்த இரும்புச் சாவிக் கொத்து ஒன்று கட்டியிருந்தது.

"அதென்ன சாவி?" என்று மங்கை கேட்டாள்.

குழந்தைவேலுதான் சொன்னான். "இரும்பு கைல இருந்தா நல்லதுன்னாங்க. வலிப்பு வந்தா டக்குனு புடிச்சுக்கலாம்ல."

"வலிப்பா?" என்றான் கோவிந்தராஜ். "யாருக்கு?"

"இவளுக்குத்தான் மேஸ்திரி. உங்க வீட்லதான மொத மொத வந்துச்சு. அதுக்கப்புறம் கடவுள் புண்ணியத்துல வரல. ஆனா எப்ப வரும்னு யாரு கண்டா? கெணத்துப் பக்கம் தனியா விடுறதில்ல. அடுப்புக்கிட்டயும் விடுறதில்ல. பால்ல பிள்ளைக்கும் எறங்கிரும்னு சொன்னாங்க. அதனால பால அன்னைக்கே நிறுத்திட்டோம். எந்தங்கச்சி அன்னம்மாதான் வளக்குறா. தூக்கி வச்சிருக்கும்போது வந்துட்டா பிள்ள கீழ விழுந்துரும் பாருங்க. அதனால இவகிட்டக் குடுக்குறதில்ல."

மங்கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். இது அவளுக்கும் தெரியாது. கை முறிந்தது தெரியும், வேலைக்கு வராதது தெரியும். இதற்கு அவள் தயாராக வந்திருக்கவில்லை.

கோவிந்தராஜ் பெஞ்சிலிருந்து இறங்கி மண்ணில் நின்றான். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"வலிப்பு இல்லம்மா" என்றான். "அது கரண்டு. என் மெஷின்ல கரண்ட் இருந்துச்சு. ஒரு ஒயர மண்ணுல புதைக்காம விட்டுட்டேன். மூணு வருஷமா விட்டுட்டேன். அதான் ஒன்னத் தூக்கிப் போட்டுச்சு. ஒனக்கு வலிப்பே கெடையாது."

ஓடையில் வாத்துகள் கத்துவது கேட்டது.

"எனக்கு வலிப்பு இல்லியா?" என்று பொன்னம்மா கேட்டாள்.

"இல்ல."

"ஒரு நாளும் வந்ததில்லியா?"

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

அவள் மங்கையின் பக்கம் திரும்பினாள். "அக்கா. ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

மங்கை பொய் சொல்லவில்லை. "கரண்டுன்னு தெரியும் பொன்னம்மா. நீ இப்படி இருப்பன்னு சத்தியமாத் தெரியாது."

"நான் வழுக்கலக்கா. வழுக்கலன்னு எனக்குத் தெரியும். ஏதோ ஒண்ணு என்னப் புடிச்சு ஆட்டுச்சு. அத நான் சொன்னேன். நீ வழுக்கிச்சுன்னு சொன்ன. பக்கத்துல இருந்தவ நீ. அப்ப புடிச்சு ஆட்டுனது என்னன்னு எல்லாரும் யோசிச்சாங்க. வலிப்புன்னு முடிவு பண்ணாங்க. நானும் நம்பிட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் கோவிந்தராஜைக் கொன்றது. சாவிக் கொத்தின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. குழந்தைவேலு தீட்டிய கத்தியை நீட்டினான். அறுத்து, சாவிகளை முற்றத்துச் சேற்றில் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அன்னம்மா! பிள்ளயக் கொண்டா."

அன்னம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். இரண்டு வயசுப் பெண் குழந்தை. பொன்னம்மா இரண்டு கையையும் நீட்டினாள், கோணல் கையையும் சேர்த்து. குழந்தை அவளைப் பார்த்தது, அந்தக் கைகளைப் பார்த்தது. சட்டென்று திரும்பி அன்னம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ம்மா, வேணாம்மா" என்று அழ ஆரம்பித்தது.

பொன்னம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. அப்படியே நின்றாள்.

கோவிந்தராஜ் வேறு பக்கம் பார்க்க முயன்றான், முடியவில்லை. காலையில் எரிந்த பல்பைப் பார்த்தபோது, இதைவிடப் பெரிசாக ஒன்று வாழ்க்கையில் நடக்காது என்று நினைத்திருந்தான்.

குழந்தைவேலு அவனை அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. அவன் சொன்னதெல்லாம் இதுதான்: "மேஸ்திரி, எங்களுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். இத ஊர்ல சொல்லுங்க. பஸ் ஸ்டாப்ல, டீக்கடையில, பஜார்ல எல்லாம் சொல்லுங்க. வலிப்புக்காரின்னு ஊரே இவளக் கூப்புடுது. நான் சொன்னா பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுறான்னுதான் நெனப்பாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

புரோத்ராபூர் பஸ் ஸ்டாப் டீக்கடையிலேயே ஆரம்பித்தான். அங்கிருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் சொன்னான். "மேரா கல்தி", தப்பு என்னுடையது, என்பதை இரண்டு தடவை சொன்னான். மறுநாள் பஜாரில் நஜிமுதீனிடம் சொன்னான். நஜிமுதீன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அல்லாவே! நானும் சேர்ந்துல்ல சிரிச்சேன்" என்றவர், அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு டெலானிப்பூருக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "தங்கச்சி, மாப் கரோ, மன்னிச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வராமல் போனார்.

அந்த வாரம் முழுக்க கோவிந்தராஜ் புது வேலை எதையும் எடுக்கவில்லை. டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு, தான் ஒயரிங் செய்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனான். எங்கெங்கே பச்சை ஒயரைச் சுருட்டி வைத்தேனோ என்ற நினைப்பு அவனைச் சாப்பிட விடவில்லை. லாட்ஜ் மாடியில் இருக்கும் பம்பு, வண்டூரில் அரைவை மெஷின், பள்ளிக்கூட வாத்தியார் இராமகிருஷ்ணன் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் போட்ட பாயிண்ட் என்று ஒன்றையும் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு முடிந்தது. எல்லா இடத்திலும் வேலை செய்த அன்றைக்கே குழி தோண்டியிருந்தான். கரண்ட் மண்ணில் இறங்க ஏதுவாகக் கரியும் உப்பும் போட்டிருந்தான். பச்சை ஒயர் மண்ணுக்குள் ஒழுங்காக இறங்கியிருந்தது. ஒரு இடத்தில்கூடப் பல்பு எரியவில்லை.

கடைசி வீட்டிலிருந்து இறங்கி ரோட்டில் நின்றான். நிம்மதி வரவேண்டிய நேரம். வரவில்லை. வேறு யாருக்கும் செய்ய அவன் மறக்கவில்லை. யார் வீட்டிலும் நாளைக்கு என்று சொல்லவில்லை. காசு கொடுத்தவன் ஒவ்வொருவனுக்கும் மழையிலும் குழி வெட்டியிருக்கிறான். வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் வெட்டவில்லை. மறதி என்றுதான் ஒரு வாரமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். இனி அதையும் சொல்ல முடியாது. ரோட்டோரத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூப்பிட்டும் அவன் காதில் விழவில்லை.

மெஷினை அவன் சரிசெய்தான். காயிலை மாற்றிச் சுற்றினான், ஒயரை மாற்றினான், முற்றத்தில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டினான். பிறகு மங்கையைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே டெஸ்ட் லேம்பை வைத்துக் காட்டினான். எரியவில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஓடுகிற மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினான்.

"நீ ஒரு தடவ தொட்டுப் பாரு."

மங்கை கிட்டே வந்தாள். கையை நீட்டினாள். ஒரு சாண் தூரத்தில் அது தானாக நின்றது. மறுபடி முயன்றாள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன.

"நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு எனக்குத் தெரியுது" என்றாள். "எங்கைக்குத் தெரியல."

அவன் வற்புறுத்தவில்லை. அடுத்த நாளே மெஷினைப் பிரித்தான். நஜிமுதீனிடம் போய், மெட்ராஸில் பார்த்து வரச் சொன்னான். இந்தத் தடவை மங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். வாங்கலாம், ஆனால் ஒரு விஷயம் என்றாள். அவள் சொன்னது மேஸ்திரி என்ற பேருக்கே தலைகுனிவு. ஆனாலும் சரி என்று தலையாட்டினான்.

இரண்டு மாதம் கழித்துப் புது மெஷின் வந்தது. அதற்குள் பஜாரில் அவனுக்கு வரவேண்டிய வேலைகள் பாதி வேறு ஆட்களுக்குப் போயிருந்தன. பொன்னம்மா மங்கையோடு பேசுவதில்லை. மங்கை இரண்டு தடவை புரோத்ராபூர் போய், வாசலோடு திரும்பி வந்தாள். குழந்தை இப்போது பகலில் தாயிடம் இருக்கிறதாம், ராத்திரி மட்டும் அத்தையைத் தேடுகிறதாம் என்று லாட்ஜுக்கு வந்த யாரோ நஜிமுதீனிடம் சொல்லியிருந்தார்கள்.

மெஷின் வந்த மறுநாள் காலை, ஜம்புலிங்கம் டூல்ஸ் பையோடு வாசலில் வந்து நின்றான். ஹட்டோவில் கடை வைத்திருக்கிற ஒயர்மேன். ஐந்து வருஷமாக எல்லா வேலையிலும் கோவிந்தராஜுக்குப் போட்டி. உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றான்.

"அண்ணே, ஆள் அனுப்பிருந்தீங்களாம். மெஷினுக்கு லைன் போடணும்னு. தமாஷ் பண்ணுறானோன்னு நெனச்சேன். உங்க வீட்டுக்கு நான் எதுக்குண்ணே?"

மங்கை அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கோவிந்தராஜ் அவளை ஒரு தடவை பார்த்தான்.

"போன தடவ நான் போட்டேன்" என்றான். "பச்சை ஒயர மண்ணுல எறக்கல. மூணு வருஷம் இவளுக்கு ஷாக் அடிச்சுச்சு. சொன்னா, நான் நம்பல. இப்ப நான் போட்டா இவ தொடமாட்டா, வேற ஆள்தான் போடணும்னு கேட்டுக்கிட்டா. அதான் ஒன்னக் கூப்புட்டேன்."

ஊரில் பேசிக்கொண்டது ஜம்புலிங்கம் காதிலும் விழுந்திருக்கும். மேஸ்திரி வாயாலேயே, மேஸ்திரி வீட்டு வாசலிலேயே கேட்பது வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

"மொதல்ல குழி எங்க தோண்டுறதுன்னு காட்டுங்கக்கா" என்று அவன் கேட்பதும், மங்கை இடம் சொல்வதும் கேட்டது. கோவிந்தராஜ் கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தான். பிறகு தள்ளி நின்று, மங்கை காட்டிய இடத்தில் அவன் மண்ணைக் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.